ஆறு வந்தது, தண்ணீர் விட்டார்கள்

காவிரிக் கரையில் மூத்தவர்கள் பேசுவதைக் கவனித்துக் கேட்டால் ஒரு வினைச்சொல் மாறியிருப்பது தெரியும். மேட்டூர் அணைக்கு முந்தைய காலத்தைத் தம் பெற்றோர் சொல்லிக் கேட்டவர்கள், “அந்த வருசம் வைகாசிக் கடைசியிலயே ஆறு வந்துருச்சுங்க” என்பார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள், “தண்ணி உட்டுட்டாங்களா?” என்று கேட்பார்கள். முதல் வாக்கியத்தில் ஆறு தானே வந்தது. இரண்டாவதில் யாரோ விடுகிறார்கள். ஜேடர்பாளையத்தின் அன்றையும் இன்றையும் பிரித்துக் காட்ட இந்த இரண்டு வினைச்சொற்களே போதும்.

நாமக்கல் மாவட்டத்தின் மேற்கு எல்லையாக வரும் காவிரி, பவானியிலிருந்து ஏறத்தாழத் தெற்கு நோக்கி ஓடிக் கொடுமுடியை அடுத்துக் கிழக்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்குச் சற்று மேலே, இடக்கரையில் இருக்கிறது ஜேடர்பாளையம். எதிர்க்கரை ஈரோடு மாவட்டம். ஜேடர் என்பது தேவாங்க நெசவாளர்களுக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று. ஆனால் இவ்வூரை ஊராக அறியச் செய்தது தறி அல்ல, தண்ணீர். இங்கேதான் ஆற்றிலிருந்து ராஜா வாய்க்கால் பிரிகிறது. அதிலிருந்து குமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்கள் கிளைக்கின்றன. பாண்டமங்கலம், பொத்தனூர், பரமத்தி வேலூர், நன்செய் இடையாறு என ஆற்றை ஒட்டி நீளும் பசுமை முழுவதும் இந்த ஒரு தலைமதகைப் பார்த்து நிற்பது.

இந்த வட்டாரத்தில் ஆண்டு மழை 700 மில்லிமீட்டர் அளவுதான். வாய்க்காலுக்குக் கீழே நன்செய். மேட்டில் ஏறினால், கபிலர்மலைப் பக்கம் போகப் போக, செம்மண் புன்செய். இரண்டுக்கும் இடையில் பல இடங்களில் ஒரு வண்டித்தடமே எல்லை. ஒரு பக்கம் வாழையும் வெற்றிலையும், மறுபக்கம் கம்பும் சோளமும் ஆமணக்கும். ஒரே வானத்தின் கீழ் இரண்டு ஊர்கள் இருந்ததுபோல்தான் அன்று இருந்தது.

வாய்க்காலை வெட்டியவராக ஊர் நினைப்பது 17ஆம் நூற்றாண்டில் பரமத்திப் பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கரை. நெடுங்காலம் அவர் பெயர் கரையோர விவசாயிகளின் பேச்சில் மட்டும் இருந்தது. அண்மை ஆண்டுகளில் அரசு அவருக்கு ஜேடர்பாளையத்தில் குவிமாடத்துடன் முழு உருவச் சிலை எழுப்பியது. வெட்டியவருக்குச் சிலை வந்தது. வெட்டிய கைகளுக்குப் பெயர் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

வாய்க்காலை வெட்டுவது ஒருமுறை. அதைக் காப்பது ஆண்டுதோறும். ஆற்றில் நீர் குறையும் காலத்தில் மணல், கல், தழை, மூங்கில் ஆகியவற்றைக் கொண்டு ஆற்றின் குறுக்கே கொரம்பு போட்டு, மிச்ச நீரை வாய்க்காலின் வாய்க்குத் திருப்புவது காவிரிக் கரையின் பழைய முறை. அடுத்த வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போகும். மறுபடி போட வேண்டும். கோடையில் ஊருக்கு ஊர் ஆள் கணக்கு வைத்து வண்டல் வாருவார்கள். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். 1858இல் சென்னை மாகாண அரசு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று கொண்டுவந்து, ஊர் வழக்கமாக இருந்ததைச் சட்டக் கடமையாக எழுதியது. அந்த நாளை எண்ணிப் பெருமூச்சு விடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வாய்க்காலில் இறங்கி மண் சுமந்தவர்களில் பலருக்கு அந்த வாய்க்காலில் பாயும் ஒரு செண்டு நிலமும் சொந்தமில்லை. பண்ணையாளாக வருடக் கூலிக்கு நின்றவர்கள் அவர்கள். ஒன்றுகூடி உழைத்தார்கள் என்பது உண்மை. ஒன்றுபோல் பலன் கண்டார்கள் என்பது உண்மையில்லை.

இன்று கொரம்பு இல்லை. ஆற்றின் குறுக்கே நிலையான தடுப்பணை நிற்கிறது. குடிமராமத்து என்ற சொல் 2017இல் அரசுத் திட்டத்தின் பெயராகத் திரும்பி வந்தது. வண்டலை வாருவது பொக்லைன் எந்திரம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் மண்வெட்டியோடு இறங்கும் பெண்களுக்குக் கூலி வங்கிக் கணக்கில் ஏறுகிறது. ராஜா வாய்க்காலையும் அதன் கிளைகளையும் சீரமைக்க 184 கோடி ரூபாய்த் திட்டம் வகுக்கப்பட்டு, கரைகளுக்குக் கான்கிரீட் போடப்பட்டது. சுமார் 16,000 ஏக்கர் பாசனத்துக்கு இவ்வாய்க்கால்கள் உயிர்நாடி. மண் வாய்க்காலில் வழியிலேயே சுவறிப்போகும் நீர் கான்கிரீட் வாய்க்காலில் கடைமடை வரை போகும். மேட்டுமடைக்காரர் பாய்ச்சியது போக மிஞ்சினால்தான் தனக்கு என்று காத்துக் கிடந்த கடைமடை விவசாயிக்கு இது நியாயம். ஆனால் சுவறிய அந்த நீர் வீணாகவும் இல்லை. வாய்க்காலை ஒட்டிய கிணறுகளில் அதுதான் ஊறிக்கொண்டிருந்தது. கரைத் தென்னை அதைத்தான் குடித்தது. ஒரு கணக்கில் மிச்சமானது இன்னொரு கணக்கில் குறைகிறது.

இனி அந்த வினைச்சொல்லுக்கு வருவோம். 1934க்கு முன்னால் ஆற்றின் நாட்காட்டி குடகு மலையில் இருந்தது. அங்கே தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஆனியில் செந்நீர் வரும், ஆடியில் பெருகும். 1924 ஜூலையில் வந்ததுபோல் கரை தெரியாமல் வந்து ஊரையே அழித்தாலும் அழிக்கும். மழை பொய்த்தால் மணல்தான். மணலில் ஊற்றுத் தோண்டித் தெளிந்த நீரை மொண்டு குடித்த காலம் அது. நாற்று விடுவது, கரும்பு நடுவது, கல்யாணம் வைப்பது எல்லாம் ஆறு வரும் நாளைக் குத்துமதிப்பாக வைத்தே நடந்தன.

1925இல் தொடங்கிய மேட்டூர் அணை வேலை 1934இல் முடிந்து, அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று அணை திறக்கப்பட்டது. நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதன்பின் ஆற்றின் நாட்காட்டி மலையிலிருந்து மதகுக்கு இறங்கியது. டெல்டாவுக்கு ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை என்பது வழக்கமான அட்டவணை. அங்கே போகிற நீர் ஜேடர்பாளையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தஞ்சாவூருக்கென்று விட்ட நீரில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் வாய்க்காலாக ராஜா வாய்க்கால் ஆயிற்று. வெள்ளப் பயம் குறைந்தது. ஆண்டுக்கு ஒரு பயிர் என்பது போய், ஆண்டு முழுவதும் நிற்கும் கரும்பும் வாழையும் துணிந்து வைக்கும் பயிர்களாயின.

பிறகு நாட்காட்டி மதகிலிருந்தும் நகர்ந்தது. 2007இல் காவிரி நடுவர் மன்றம், கர்நாடக எல்லையை அடுத்த பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. நீர் என்று மாத வாரியாகப் பிரித்துக் கொடுத்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. இந்த மாதம் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதியிருக்கிறது. மழை அந்தத் தாளைப் படிப்பதில்லை என்பதால் ஆண்டுதோறும் வழக்கு. வீடு தேடி வரும் விருந்தாளியாக இருந்த ஆறு, வாய்தா வாங்கி வரும் கட்சிக்காரராக மாறிவிட்டது.

அது போதாதென்று மின்சாரமும் ஆற்றின் நேரத்தில் பங்கு கேட்டது. மேட்டூருக்கும் ஜேடர்பாளையத்துக்கும் இடையில் செக்கானூரில் தொடங்கிச் சோழசிராமணி வரை ஏழு கதவணைகள், ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்நிலையம். பரிசலில் அக்கரை போனவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது சோழசிராமணிக் கதவணையின் மேல் இருசக்கர வண்டியில் பாசூருக்குப் போகிறார்கள். அரைநாள் பயணம் சில நிமிடமாயிற்று. ஆறு மட்டும் படிக்கட்டுப்போல ஆயிற்று: ஓரிடத்தில் கடலாக நிற்கும், அடுத்த இடத்தில் பாறையாகக் கிடக்கும். மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிக்க இன்று யாருக்கும் துணிவில்லை. மேலே நகரங்களின் சாக்கடையும் சாயக்கழிவும் கலந்த ஆறு இது. ஆற்றங்கரை வீட்டுத் திண்ணையிலும் இருபது லிட்டர் கேன் நிற்கிறது.

மேட்டுக்காட்டின் கதை வேறு. அங்கே நீர் என்றால் கிணறு, கிணறு என்றால் கவலை. இரண்டு எருதுகள் சரிவில் இறங்கும்போது தோல் பறி மேலே வந்து கொட்டும்; அவை பின்னோக்கி ஏறினால் பறி மீண்டும் கிணற்றுக்குள் இறங்கும். விடியற்காலம் தொடங்கி வெயில் ஏறும்வரை இறைத்தாலும் நனைவது சில பாத்திதான். அதனால் கம்பும் சோளமும் வானத்தை நம்பின, மிளகாயும் கத்தரியும் மட்டும் கிணற்றை நம்பின. மின்மோட்டார் வந்தது, 1990இல் விவசாயிகள் எல்லோருக்கும் மின்சாரம் இலவசமாயிற்று, பக்கத்துத் திருச்செங்கோட்டிலிருந்து இந்தியா முழுக்கப் போன போர்வெல் லாரிகள் சொந்த வட்டாரத்தையும் விட்டுவைக்கவில்லை. மேட்டில் மரவள்ளி வந்தது, தென்னை வந்தது, சொட்டுநீர்க் குழாய் வந்தது. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போயிற்று. ஆட்டுக்கிடை மறித்து உரமேற்றிய நிலத்தில் இன்று நாமக்கல் பண்ணைகளின் கோழி எரு விழுகிறது. வண்டித்தடத்துக்கு அந்தப் பக்கம் ஏழை, இந்தப் பக்கம் பணக்காரர் என்ற பழைய கோடு அழிந்தது. எருதுகளைப் பார்த்து நீரின் அளவைச் சொன்ன காலத்தில் கிணறு வற்றினால் கண்ணுக்குத் தெரிந்தது. ஆயிரம் அடிக்குக் கீழே வற்றுவது, மோட்டார் காற்றை இழுக்கும்போதுதான் தெரிகிறது.

நன்செயிலும் நெல் பின்வாங்கிவிட்டது. நாற்று நட ஆள் கிடைப்பது அரிதான பிறகு, ஒருமுறை நட்டால் பல ஆண்டு நிற்கும் பாக்கும் தென்னையும், பாய்க்கு ஆகும் கோரையும் அந்த இடத்தைப் பிடித்தன. பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, மொந்தன் என்று வாழைத்தார்கள் பரமத்தி வேலூர்ச் சந்தைக்கு இன்றும் போகின்றன. எல்லாவற்றிலும் அதிகம் மாறாதது கொடிக்கால். அகத்தியின் மேல் படரும் வெற்றிலைக் கொடியை நாரால் கட்டுவதும் கிள்ளுவதும் கையால்தான். எந்த எந்திரமும் அதற்கு வரவில்லை. அளவும் மாறவில்லை. மெட்ரிக் அளவை வந்ததும் வீசையும் மணங்கும் மறைந்தன. வெற்றிலை மட்டும் இன்னும் கவுளி என்னும் கட்டுக் கணக்கில் போகிறது. 104 கவுளி ஒரு சுமை. கற்பூரிக்கு ஒரு விலை, வெள்ளைக்கொடிக்கு ஒரு விலை. பண்டம் மாறவில்லை, வாங்கும் வாய் குறைந்தது. வந்தவருக்கு முதலில் தாம்பாளத்தை நகர்த்திய திண்ணையில் இன்று தேநீர் வருகிறது. வெற்றிலை, கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் கோயிலுக்கும் உரிய பொருளாகச் சுருங்குகிறது.

ஆனால் இந்த மண்ணின் முகம் வெல்லம். அன்று கரும்பாலை என்றால் எருது சுற்றும் ஆலை. மூன்று உருளைகளுக்கிடையே கரும்பை நுழைத்து, வழியும் பாலைக் கொப்பரையில் ஊற்றி, சக்கையையே எரித்து, சுண்ணாம்பு நீர் தெளித்து அழுக்கெடுப்பார்கள். பாகு பதம் வந்ததா என்று நீரில் ஒரு துளி விட்டு உருட்டிப் பார்க்கும் விரலுக்கு ஊரில் தனி மரியாதை இருந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் மாறி மாறி ஆலை ஆடும். ஆலை ஆடும் இரவில் தெருப் பிள்ளைகள் பாலுக்கும் பாகுக்கும் அங்கேதான் கிடப்பார்கள். இன்று உருளையை மோட்டார் சுழற்றுகிறது. எருது ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பிழிந்ததை அது சில மணி நேரத்தில் பிழிந்து தள்ளுகிறது. பத்து டன் கரும்புக்கு ஏறத்தாழ ஒரு டன் வெல்லம் என்ற கணக்கு மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே. மோகனூர்க் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு வெட்டு உத்தரவு வரும்வரை கரும்பு காத்திருக்க வேண்டும். வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்குக் கொடுத்தால் இன்றே வெட்டு, இன்றே கணக்கு. அதனால்தான் பெரிய ஆலைகளுக்கு நடுவிலும் சிறு கொட்டகைகள் புகைந்துகொண்டே இருக்கின்றன.

வெல்லத்தின் நிறம் மாறியது. கருத்த வெல்லம்தான் நல்ல வெல்லம் என்று பாட்டிமார் அறிந்திருந்தார்கள். சந்தையோ பொன்னிறத்துக்கு விலை வைத்தது. நிறமேற்ற ஹைட்ரோஸ் என்னும் ரசாயனம் வந்தது, எடையேற்ற அஸ்கா சர்க்கரை வந்தது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கொட்டகைகளில் சோதனையிட்டு மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்வது நாளிதழ்களில் வழக்கமான செய்தியாயிற்று. கலப்படம் செய்யாமல் காய்ச்சுபவர் கருத்த வெல்லத்தோடு சந்தையில் நின்று குறைந்த விலை பெறுகிறார். பிறகு நகரத்துக் கடை ஒன்று அதே கருத்த வெல்லத்தை ‘நாட்டு வெல்லம்’ என்று கூடுதல் விலைக்கு விற்கிறது.

அஸ்கா என்ற சொல்லைப் பற்றி ஒன்று. அது ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்து ஊர்ப்பெயர். அங்கிருந்த ஆலையின் சர்க்கரை தெற்கே வந்து பழகியதால் வெள்ளைச் சர்க்கரைக்கே தமிழில் அந்தப் பெயர் நின்றது என்பார்கள். முதலில் ஒடிசாவின் பெயர் வந்தது, நூறாண்டு கழித்து ஒடிசாவின் ஆட்களே வந்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் படித்து, லாரிக்கும் கம்பெனிக்கும் போன பிறகு, கொப்பரையடியில் அனலில் நிற்பவர்கள் பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்தவர்கள். பண்ணையாள் முறை ஒழிந்ததற்கு எவரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஊரில் தலைமுறையாக முகம் பார்த்தவர்களின் இடத்தில், ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாத இரு கூட்டங்கள் வாழ்கின்றன. 2023 மார்ச்சில் இந்த வட்டாரத்தில் ஒரு பெண் கொலையுண்டதைத் தொடர்ந்து, கொட்டகைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. தொழிலாளர் உறங்கிய இடமும் எரிந்தது; தீக்காயப்பட்ட ஒருவர் இறந்தார். இரவோடிரவாகப் பாக்கும் வாழையும் வெட்டிச் சாய்க்கப்பட்டன. மாதக்கணக்கில் காவலர்கள் தோப்புக்குள் முகாமிட்டிருந்தார்கள். நீருக்கு முறை வைத்து நூற்றாண்டுகள் வாழத் தெரிந்த ஊருக்கு அந்த ஆண்டு எதிலும் முறை தெரியாமல் போனது.

பிலிக்கல்பாளையத்தில் வாரம் இருமுறை வெல்லச் சந்தை கூடுகிறது. 30 கிலோ ஒரு சிப்பம். உருண்டைக்கு ஒரு விலை, அச்சுக்கு ஒரு விலை. விநாயகர் சதுர்த்தி, ஆயுதபூஜை, பொங்கல் நெருங்கினால் விலை ஏறும். அன்று வண்டி கட்டிக்கொண்டு போய் இறக்கிய பிறகுதான் விலை தெரியும். விலை பிடிக்கவில்லையென்றாலும் திரும்பக் கொண்டுவர எருதுக்கு வலுவிருக்காது. இன்று கொப்பரை கொதிக்கும்போதே கைப்பேசியில் விலை வந்துவிடுகிறது. அறிவு கூடியது. ஆனால் அந்த விலையை நிர்ணயிக்கும் இடம் அன்றைவிட இன்று தூரத்தில் இருக்கிறது.

ஆட்சி மட்டும் தூரத்திலிருந்து கிட்டே வந்தது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன சேலம் சீமையை அதன் அதிகாரிகளான ரீடும் மன்றோவும் அளந்து தீர்வை கட்டினார்கள். 1965இல் அதிலிருந்து தருமபுரியும், 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல்லும் பிரிந்தன. சேலம் வரை போய் ஒரு மனுவுக்காக இரவு தங்கிய காலம் போய், பரமத்தி வேலூர் வட்ட அலுவலகத்தில் மதியத்துக்குள் வேலை முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜேடர்பாளையம் தடுப்பணைக்கு நாமக்கல், ஈரோடு, சேலத்திலிருந்து கார்கள் வருகின்றன. பூங்கா, படகு, சட்டியில் பொரியும் மீன். வருகிறவர்களுக்கு இது குளிக்கும் இடம். இங்கிருந்து ஒரு வாய்க்கால் பிரிவதை அவர்களில் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. மதகுக்குப் பக்கத்தில் அல்லாள இளைய நாயக்கரின் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஊருக்கும் இதனால் நாலு காசு வருகிறது.

ஆடிப் பதினெட்டு அன்று இன்றும் பெண்கள் முளைப்பாரியும் காதோலை கருகமணியும் கொண்டு கரைக்கு வருகிறார்கள். ஆறு பெருகும் நாளைக் கொண்டாட வைத்த பண்டிகை, ஆறு தன் நாளை இழந்த பின்னும் நாட்காட்டியில் நிற்கிறது. அணையில் நீரில்லாத ஆண்டுகளில் முழங்கால் நீரில் சடங்கு முடிகிறது. 2022, 2024 போன்ற ஆண்டுகளில் ஆடியிலேயே வெள்ளம் புரள, கரையில் இறங்கக்கூடாது என்று ஒலிபெருக்கியில் தடை. மேட்டூர் நிரம்பிவிட்டால், வருவதை அப்படியே விடுவதைத் தவிர மதகுக்கு வேறு வழியில்லை. அந்தச் சில நாளைக்கு அணை இருந்தும் இல்லாததுபோல்தான். குடகு மலையின் செந்நீர் பழைய வேகத்தோடு தடுப்பணையின் மேல் ஏறி விழுகிறது. தோட்டத்து மோட்டாரைக் காப்பாற்றக் கரைக்கு ஓடும் இளைஞன் வீட்டுக்குக் கைப்பேசியில் சொல்கிறான்: “ஆறு வந்துருச்சு.”